பேப்பர் பை போட்ட நெட்டை

நீங்க எப்பவாவது ஒரு செடியோட சண்டை போட்டிருக்கீங்களா?

சிரிக்காதீங்க. பேசறதுக்கு ஆள் கிடைக்காதப்போ ஒரு செடி இருந்தா போதும். கதை சொல்லலாம், கோவிச்சுக்கலாம், மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காரலாம். ஒரே ஒரு கஷ்டம்தான். நீங்க ரெண்டு நாள் பேசாம இருந்தாலும், நீங்க கோவமா இருக்கீங்கன்னே அதுக்குத் தெரியாது.

இந்தக் கதையில வர்ற பொண்ணுக்கு அப்படி ஒரு செடி இருந்துச்சு. அதுக்கு அவ வச்ச பேரு நெட்டை.

அவளுக்கு மத்தவங்க வச்ச பேரு வேலி.

புது ஸ்கூல்ல சேர்ந்த முதல் நாள் டீச்சர், "வீடு எங்கம்மா?"ன்னு கேட்டாங்க. "ஊருக்கு வெளிய பெரிய கம்பி வேலி போட்டிருக்கே, அதுக்குள்ள"ன்னு சொன்னா. அவ்வளவுதான். சாயங்காலம் மணி அடிக்கறதுக்குள்ள அவ பேரே வேலின்னு ஆகிப்போச்சு.

அந்த வேலிக்குள்ள விதைய சோதிச்சுப் பாக்கற பண்ணை ஒண்ணு இருந்துச்சு. அவ அம்மாவுக்கு அங்க சூப்பர்வைசர் வேலை. அப்பா கப்பல்ல சமையல்காரர். ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுவார். "சாப்ட்டியா கண்ணு?"ன்னு கேப்பார். இவ என்ன சாப்ட்டான்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள லைன் போயிடும்.

வேலிக்குள்ள மொத்தமே ரெண்டு வீடு. ஒண்ணு இவங்களோடது. இன்னொண்ணு வீடுன்னு கூட சொல்ல முடியாது, கேட் பக்கத்துல கேட் மாமா தூங்கற அறை. அவர் தூங்காதப்போ ரேடியோ கேப்பார். ரேடியோ கேக்கும்போதும் தூங்குவார்.

ஸ்கூல்ல யாரும் வேலிய அடிக்கல, திட்டல. ஆனா அவ உக்காந்த பெஞ்சுல வேற யாரும் உக்காரல.

"அங்க விளையற சோளத்தத் தின்னா வால் முளைக்குமாம்டா."

"அவளுக்கு முளைச்சிருக்கா?"

பின் பெஞ்சுப் பையன் ஒருத்தன் நிஜமாவே குனிஞ்சு பாத்தான். அன்னைக்கு வேலி வீட்டுக்கு வந்ததும் கதவச் சாத்திட்டுக் கண்ணாடிக்கு முதுகக் காட்டி நின்னா. எதுக்கும் இருக்கட்டும்னு.

அம்மாகிட்ட கேட்டப்போ அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் சிரிக்கறத நிறுத்திட்டுச் சொன்னாங்க.

"ஒவ்வொரு விதைக்குள்ளயும் ஒரு குறிப்பு இருக்கு. எவ்வளவு உயரம் வளரணும், என்ன நிறத்துல காய்க்கணும்னு. எங்க மக்காச்சோளத்தோட குறிப்புல ஒரே ஒரு வரி புதுசா சேர்த்திருக்காங்க. மண்ணுல இருக்கற ஒரு கிருமிகிட்டேருந்து எடுத்த வரி. அதனால, இந்த இலையத் தின்னா, சோளத்த அழிக்கற படைப்புழு செத்துடும். மருந்து அடிக்க வேணாம்."

"நாம தின்னா?"

"நம்ம வயிறு வேற, புழு வயிறு வேற. இதுவரைக்கும் பாத்ததுல கெடுதல் ஒண்ணும் தெரியல. இன்னும் பாக்கணும். பாத்து முடிக்கற வரைக்கும் ஒரு விதை கூட வெளிய போகக் கூடாது. அதுக்குத்தான் வேலி."

"வாலு?"

"வால் உனக்கு முன்னாடியே இருக்கு. போய்ப் படி."

அந்தப் பண்ணையில விதிமுறை ஜாஸ்தி. சோதனை வயல் வேலியிலருந்து மூணு கால்பந்து மைதானம் தள்ளி நடுவுல இருந்துச்சு. அதச் சுத்தி வேற ஒரு மக்காச்சோளச் செடி கூட இருக்கக் கூடாது. உள்ள போறவங்க திரும்பி வரும்போது ஒரு தட்டு மேல ஏறி நின்னு, செருப்பத் தட்டி, மடிச்சு விட்ட பேண்ட்டப் பிரிச்சு உதறணும். விதை எங்கயாவது ஒட்டிக்கிட்டு வந்துடக் கூடாதுன்னு. வயலுக்குள்ளயே ஓரத்துல நாலு வரிசை மட்டும் அந்தப் புது வரி இல்லாத சாதா மக்காச்சோளம். அது புழுவுக்காம்.

"புழுவுக்கு விருந்தாம்மா?"

"விருந்துதான். எல்லாச் செடியும் புழுவக் கொன்னா, எதுக்கும் சாகாத ஒண்ணு ரெண்டு முரட்டுப் புழு மட்டும் மிஞ்சும். அதுங்க குடும்பம் பெருகினா இந்த விதையால பிரயோசனமே இல்ல. அதனால சாதாப் புழுவும் கொஞ்சம் வாழணும்."

செடி வளந்து உச்சியில ஆண் பூ வந்ததும் அம்மாவும் வேலை ஆளுங்களும் ஒவ்வொரு பூவுக்கும் பழுப்பு பேப்பர் பை மாட்டினாங்க. அந்தப் பூவுலருந்து மஞ்சத் தூள் கொட்டும். காத்துல பறந்து வேற வயலுக்குப் போகும். போகாம இருக்கத்தான் பை. தூரத்துலருந்து பாத்தா, ஆயிரம் பேர் தலையில பைய மாட்டிக்கிட்டு வரிசையில நிக்கற மாதிரி இருக்கும். ஒருத்தர் மூஞ்சிய இன்னொருத்தர் பாக்காம.

சரி, நெட்டை எங்கருந்து வந்துச்சு?

வீட்டுக்குப் பின்னாடி தண்ணித் தொட்டிக்கும் கம்பி வேலிக்கும் நடுவுல கொஞ்சம் இடம். அங்க ஒரு நாள் ஒரு பச்சை நாக்கு மண்ணுலருந்து எட்டிப் பாத்துச்சு. வேலி அது புல்லுன்னு நினைச்சா. அது அவ முழங்கால் உயரம் வந்தப்போதான் மக்காச்சோளம்னு தெரிஞ்சுது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பத்து தப்படியில பக்கத்து வயல்காரரோட மக்காச்சோளம் இருந்துச்சு. அங்கருந்து ஏதோ பறவை கொண்டு வந்து போட்டிருக்கும்னு அவளே முடிவு பண்ணிக்கிட்டா.

அம்மாகிட்ட சொல்லல. சொன்னா, "இங்க சோளம் கூடாது"ன்னு ஒரே இழுப்புல பிடுங்கிடுவாங்க. அம்மா விடியும்போது போய் இருட்டும்போது வர்றவங்க. தொட்டிக்குப் பின்னாடி எட்டிப் பாக்க அவங்களுக்கு நேரம் ஏது?

அதனால தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் வேலி தொட்டிக்குப் பின்னாடி போய் உக்காந்துக்குவா.

"இன்னைக்கு யாரும் பேசல நெட்டை. டீச்சர் பேசினாங்க. ஆனா 'கணக்கு நோட்டு எங்க'ன்னு கேட்டாங்க. அது பேச்சுல சேருமா?"

நெட்டை இலைய ஆட்டும்.

"சேராதா? நானும் அதான் நினைச்சேன்."

நெட்டை அவ உயரத்தத் தாண்டிச்சு. உச்சியில பூ எட்டிப் பாத்துச்சு. வேலி மளிகைச் சாமான் வந்த ஒரு பழுப்புப் பைய எடுத்து, முக்காலி மேல ஏறி நின்னு அதுக்கு மாட்டி விட்டா.

"உள்ள எல்லாரும் போட்டிருக்காங்க. நீ மட்டும் போடலன்னா உன்னையும் ஒதுக்கி வச்சிருவாங்க."

ரெண்டு நாள் கழிச்சு கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்துலருந்து ஒரு குரல்.

"ஏய் வேலி! அந்தச் செடிக்கு எதுக்குடி தொப்பி?"

அவ வகுப்புல படிக்கற தும்மல். பக்கத்து வயல்காரரோட பொண்ணு. வகுப்புல ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது தடவ தும்முவா, அதனால அந்தப் பேரு. ஆட்டுக்குப் புல் அறுக்க வந்திருந்தா.

"தொப்பி இல்ல, பை."

"அத ஏன் தலையில மாட்டினே?"

வேலி பைய நிமிந்து பாத்தா. அவகிட்ட ஒரு பொண்ணு தானா வந்து பேசி எத்தனை நாளாச்சு! விதிமுறை, மஞ்சத் தூள்னு ஆரம்பிச்சா இவளும் ஓடிடுவா.

"வெயிலு"ன்னு சொன்னா.

"செடிக்கு வெயில் ஆகாதா? நல்லா இருக்குடி கதை! அச்!" தும்மல் மூக்கத் துடைச்சுக்கிட்டா. "நேத்து அப்பா மருந்து அடிச்சாரு. அடிச்சா மூணு நாளைக்கு மூக்கு என் பேச்சக் கேக்காது."

அடுத்த நாளும் தும்மல் வந்தா. அதுக்கடுத்த நாளும். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஹெட்மாஸ்டரோட நடை, கேட் மாமாவோட குறட்டை, ஆட்டுக்குட்டி எந்த நோட்ட தின்னுச்சுன்னு ஒண்ணு விடாம பேசினாங்க. ஒரு நாள் தும்மல் ஒரு காஞ்ச கதிரக் கொண்டு வந்து காட்டினா. முத்து மாதிரி வெள்ளை மணி.

"எங்க விதை. அப்பா பன்னெண்டு வருஷமா பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது. தண்ணி குறைஞ்சாலும் தாங்கும். நல்ல கதிரா பாத்து சமையல்கட்டுல கட்டித் தொங்க விடுவாரு. எங்களக் கூட அவ்வளவு பத்திரமா வச்சுக்க மாட்டாரு."

"ஸ்கூல்ல மட்டும் ஏன் என்கிட்ட பேச மாட்டேங்கற?"

தும்மல் கதிரோட நாரப் பிச்சா. "அங்க எல்லாரும் இருக்காங்கள்ல."

வேலி சரின்னு தலையாட்டினா. சாயங்காலம் மட்டும்னாலும் பேசறாளே, அது போதும்.

நாலாவது சாயங்காலம் தும்மல் கம்பியில மூக்க வச்சு நெட்டையவே உத்துப் பாத்தா.

"ஏய், இதுல ஒரு ஓட்டை கூட இல்லையே!"

"என்ன ஓட்டை?"

"எங்க சோளத்தப் பாரு. மாவு சலிக்கலாம், அவ்வளவு ஓட்டை. வாரம் தப்பாம மருந்து அடிச்சும் புழு போகல. இது எப்படி இப்படி மினுமினுன்னு இருக்கு?" தும்மலோட கண்ணு விரிஞ்சுது. "வேலிக்குள்ள போடற விதையா இது? எனக்கு ரெண்டு விதை குடுடி! அப்பாகிட்ட குடுக்கறேன். அப்புறம் மருந்தே வேணாம். என் மூக்கு தப்பிச்சுடும்!"

"வால் முளைக்குமே?"

"முளைக்கட்டும். தும்மலுக்கு வால் தேவலாம்!"

தும்மல் சிரிச்சுக்கிட்டே போயிட்டா. வேலி சிரிக்கல.

நெட்டைய இப்போதான் அவ முதல் தடவ பாக்கற மாதிரி பாத்தா. ஒரு இலையில கூட புழு கடிச்ச தடம் இல்ல. பறவை கொண்டு வந்த சோளம் இல்ல இது.

விதை போட்ட அன்னைக்கு ஸ்கூல் லீவு. அவளும் அம்மாவோட வயலுக்குப் போயிருந்தா. திரும்பும்போது திடீர்னு மழை கொட்டிச்சு. தட்டுகிட்ட நின்ன கேட் மாமா, "நனையாதே பாப்பா, ஓடு ஓடு!"ன்னு விட்டுட்டார். அவ நேரா வீட்டுக்குப் பின்னாடி ஓடி, ஈர பேண்ட்ட அங்கயே உதறினா. மடிப்புக்குள்ள இருந்து ஒண்ணு விழுந்திருக்கு. ஒரே ஒண்ணு.

அவ முக்காலி மேல ஏறினா. பையோட ஒரு மூலை மழையில நனைஞ்சு பிஞ்சிருந்துச்சு. கீழ இருந்த இலை மேல மஞ்சத் தூள். விரலால தொட்டா ஒட்டிக்கிச்சு.

தலை ரிப்பன உருவி, பையோட கிழிஞ்ச மூலைய இறுக்கிக் கட்டினா. அப்புறம் அந்தப் பக்கம் பாத்தா. வயல்காரரோட சோளத்துல முதல் வரிசைக் கதிர்ல எல்லாம் ஈரத் தலைமுடி மாதிரி நூல் தொங்குச்சு. மஞ்சத் தூள் விழ வேண்டிய இடம் அந்த நூல்தான். ஒரு நூல்ல ஒரு தூள் விழுந்தா, உள்ள ஒரு மணி.

அவ கீழ உக்காந்துட்டா.

நெட்டையப் பிடுங்கிப் புதைச்சுட்டா யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நாளைக்கு சாயங்காலம் தும்மல் வருவா. "செடி எங்கடி?"ன்னு கேப்பா. "வெயில்ல காஞ்சு போச்சு"ன்னு சொல்லிக்கலாம்.

ஆனா பறந்து போன தூளப் பிடிச்சுக்கிட்டு வர முடியுமா? அது தும்மல் வீட்டு சமையல்கட்டுல, பன்னெண்டு வருஷ விதைக்குள்ள போய் உக்காந்துக்குமே.

சொன்னா, தும்மல் இனி வர மாட்டா. அம்மாவோட வேலையும் போனாலும் போகும்.

"நீயாவது ஏதாவது சொல்லேன்"ன்னா நெட்டைகிட்ட. நெட்டை சும்மா நின்னுச்சு.

அன்னைக்கு அம்மா கொஞ்சம் சீக்கிரமாவே வந்துட்டாங்க. வாசல்ல செருப்பத் தட்டும்போதே வேலி ஆரம்பிச்சா.

"அம்மா, பக்கத்து வயல்ல நம்ம விதையப் போட்டா, அவங்க மருந்து அடிக்க வேணாம்ல?"

"இந்தப் புழுவுக்கு வேணாம்."

"அப்போ குடுத்துடலாமே. நல்லதுதானே?"

"நல்லதா இருக்கலாம். இன்னும் சோதனை முடியலையே கண்ணு. முடிஞ்சு சரின்னு ஆனாலும், வேணும்னு கேக்கறவங்களுக்குத்தான் குடுக்கணும். இதுல விளையறத எடுத்து வச்சு அடுத்த வருஷம் விதைக்கக் கூடாது, கம்பெனிகிட்டதான் மறுபடி வாங்கணும். அதையும் சொல்லணும். எல்லாம் கேட்டுட்டு, வேணாம்னா வேணாம்னு அவங்க சொல்லலாம்."

"அவங்க கேக்காமயே போயிட்டா?"

அம்மாவோட கை நின்னுச்சு. "எப்படிப் போகும்?"

"காத்துல."

அப்புறம் எல்லாத்தையும் சொன்னா. ஒரு தடவ ஆரம்பிச்சதும் நிறுத்த முடியல. பேண்ட், மழை, நெட்டை, பை, வெயிலுன்னு சொன்ன பொய் வரைக்கும்.

அம்மா திட்டல. தொட்டிக்குப் பின்னாடி போய் நின்னாங்க. நெட்டைய மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. அதுக்குக் கீழ இருந்த முக்காலியையும், உக்காந்து உக்காந்து மண்ணுல விழுந்திருந்த குழியையும் பாத்தாங்க.

"தினமும் இங்கதான் இருந்தியா?"

வேலி தலையாட்டினா.

"விதை போட்ட அன்னைக்கு எண்ணினப்போ ஒண்ணு குறைஞ்சுது"ன்னாங்க அம்மா மெதுவா. "மூணு தடவ எண்ணினேன். மூணு தடவயும் ஒண்ணு குறைவு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சு, நோட்டுல 'சரி'ன்னு எழுதிட்டேன். தேடியிருக்கணும்."

அம்மா ஒரு பாலிதீன் பையக் கொண்டு வந்தாங்க. வேலி அத விரிச்சுப் பிடிச்சா. அம்மா நெட்டையோட பூவ, பேப்பர் பையோட சேத்து, ஒரு தூள் சிந்தாம வெட்டி உள்ள போட்டுக் கட்டினாங்க. அப்புறம் பண்ணையோட பெரிய சாருக்கு ஃபோன் பண்ணாங்க. சார் போட்ட சத்தத்துல அம்மா ஃபோன காதுலருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிச்சாங்க.

"வேலை போயிடுமாம்மா?"

"தெரியல. நாளைக்கு வர்றேன்னாரு. வா, பக்கத்து வயல்காரர் வீட்டுக்குப் போகணும்."

"இப்பவா?"

"நாளைக்கு சாரோட ஜீப்பப் பாத்து வயல்காரர் தெரிஞ்சுக்கக் கூடாது. நாமளே சொல்லணும்."

வயல்காரர் வாசல்ல மருந்து அடிக்கற டப்பாவக் கழுவிக்கிட்டு இருந்தார். தும்மல் படியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. இவளப் பாத்ததும் பென்சில் நின்னுச்சு.

"அண்ணே, ஒரு விஷயம்..."ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க.

"நான் சொல்றேன்"ன்னா வேலி.

சொன்னா. வயல்காரர் முழுசா கேட்டார். கேட்டு முடிச்சதும் டப்பாவக் கீழ வச்சார்.

"பன்னெண்டு வருஷம்!" அந்தச் சத்தத்துல ஆட்டுக்குட்டி துள்ளி ஓடிச்சு. "ஒவ்வொரு கதிரா என் கையால பொறுக்கினது! என்னம்மா வேலி போட்டிருக்கீங்க? ஒரு சின்னப் புள்ள பேண்ட்டுல வெளிய வருது விதை!"

"எங்க தப்புதான் அண்ணே."

தும்மல் வேலியவே பாத்துக்கிட்டு இருந்தா. "வெயிலுன்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"உண்மையச் சொன்னா நீ வர மாட்டேன்னு நினைச்சேன்."

தும்மல் நோட்ட மூடி எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு.

வயல்காரர் விடுவிடுன்னு வயலுக்கு நடந்தார். அம்மாவும் வேலியும் பின்னாடியே போனாங்க. வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு.

"வேலி ஓரம்தான் நல்ல மண்ணு. விதைக்கு எடுக்கற வரிசை எல்லாம் இங்கதான் போட்டேன். பத்து வரிசை! இப்போ எதுல விழுந்துச்சு, எதுல விழலன்னு யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும் அழிக்க வேண்டியதுதான்."

"எனக்குத் தெரியும் மாமா."

அவர் திரும்பிப் பாத்தார்.

"பை கிழிஞ்சது முந்தாநாள் மழையில. அதுக்கு முந்தின சாயங்காலம் நல்லா இருந்துச்சு, நான் தொட்டுப் பாத்தேன். முதல் ரெண்டு வரிசையில நூல் வந்து அஞ்சு நாள் ஆச்சு. மூணாவதுல நேத்துதான் வந்துச்சு. நாலாவதுலருந்து இன்னும் வரல."

"அதெப்படி அவ்வளவு கரெக்டா சொல்றே?"

"தினம் பாப்பேன்."

"என் சோளத்த நீ எதுக்கு தினம் பாக்கறே?"

"பாக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல மாமா."

வயல்காரர் நாலாவது வரிசைக்குள்ள புகுந்து ஒவ்வொரு செடியா தடவிப் பாத்தார். அஞ்சாவது, ஆறாவது. ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தார்.

"ஆமா. வரல. வேலி ஓரத்துலருந்துதான் நாள் விட்டு நாள் விதைச்சுக்கிட்டே போனேன்."

"பூவ வெட்டியாச்சு அண்ணே"ன்னாங்க அம்மா. "ஏற்கனவே பறந்த தூள் நாளைக்கு உயிரோட இருக்காது. இனிமே வர்ற நூலுக்கு பயம் இல்ல. முதல் மூணு வரிசையோட போச்சு."

"பாப்பா இன்னும் நாலு நாள் கழிச்சு சொல்லியிருந்தா?"

அம்மா பத்து வரிசையையும் பாத்தாங்க.

வயல்காரர் ஓட்டை விழுந்த ஒரு இலையப் பிச்சு விரல்ல சுத்தினார். "உண்மையாவே அந்தச் செடியில புழு விழாதா?"

"விழும். தின்னும். தின்னா செத்துடும்."

அவர் வீட்டுப் பக்கம் பாத்தார். உள்ளருந்து ஒரு தும்மல் சத்தம் கேட்டுச்சு. அதோட ஒட்டிக்கிட்டே இன்னொண்ணு.

"சோதனை முடிஞ்சா வந்து சொல்லுங்க. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க. யோசிச்சு நானே கேட்டு வாங்கினா அது வேற. என்னைக் கேக்காம காத்துல வந்து என் வயல்ல விழறது வேற." இலையக் கீழ போட்டார். "மூணு வரிசை கதிரையும் ஒடிக்கணும். காலையில வாங்க. ரெண்டு பேரும் வாங்க."

வீட்டுக்கு வந்ததும் வேலி தொட்டிக்குப் பின்னாடி போனா. தலையில்லாத நெட்டை பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தா. நாளைக்கு அத வேரோட பிடுங்கி எரிப்பாங்கன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. ஒரு குவளை தண்ணி ஊத்திட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு எல்லாரும் வயலுக்கு வந்தாங்க. முதல் வரிசைய வயல்காரர் ஒடிச்சார். ரெண்டாவது வரிசைய அம்மா ஒடிச்சாங்க. மூணாவது வரிசைய இந்தக் கோடியிலருந்து வேலி ஒடிச்சுக்கிட்டு வந்தா, அந்தக் கோடியிலருந்து தும்மல் ஒடிச்சுக்கிட்டு வந்தா. ஏழு மணிக்கு ஜீப் வந்துச்சு. பெரிய சார் அம்மாவ அரை மணி நேரம் திட்டினார், அப்புறம் அடுத்த வாரத்து வேலைய சொல்லிட்டுப் போனார். வேலியும் தும்மலும் நடு வரிசையில சந்திச்சப்போ மணி எட்டேகால். அன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா ஸ்கூலுக்கு லேட்டா போனாங்க.